பணிவும் பண்பும்

விளையாட்டு மனிதனைச் செம்மைப்படுத்தும் என்பது நாம் கேட்டுப் பழகிய வாசகம். எல்லா விளையாட்டுக்களும் அதனை ஒரே அளவில் செய்வதில்லை. கிரிக்கெட்டிலும் உதைபந்தாட்டத்திலும் சரி பிழையைத் தீர்த்துச் சொல்ல மத்தியஸ்தர் நிற்கிறார். பாடசாலை மாணவர் ஆடும் டெனிஸ் ஆட்டங்களிலோ பெரும்பாலும் மத்தியஸ்தர் இல்லை. தன் பக்கத்துக் கோட்டருகே விழும் பந்து உள்ளேயா, வெளியேயா என்பதை அந்தப் பக்கத்து ஆட்டக்காரனே சொல்லவேண்டும். ஐயம் எழுந்தால் அதன் பயன் எதிராளிக்குரியது என்பது விதி. தனக்கு எதிராகத் தானே தீர்ப்பளிக்கும் நீதிபதியாக ஒரு சிறுவனை நிறுத்தும் ஆட்டம் இது.

இவ்விதிக்கும் ஒரு படி மேலே சென்ற பயிற்றுவிப்பாளர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். வேர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரில் வைத்தியராயிருந்த ரொபேர்ட் வோல்டர் ஜோன்சன் அவர். தம் வீட்டருகே ஆடுகளம் அமைத்து, கறுப்பினச் சிறுவர் சிறுமியருக்குக் கோடை விடுமுறைகளில் டெனிஸ் கற்பித்தார். 1957, 1958 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் பட்டம் வென்ற அல்தியா கிப்சன் அவரது ஆதரவில் வளர்ந்தவர். ஜோன்சன் வகுத்த ஒழுங்குகள் கடுமையானவை. கோட்டுக்கு இரண்டங்குலம் வெளியே விழுந்த பந்தையும் நல்ல பந்தாகவே கொண்டு திருப்பி அடிக்கவேண்டும். தீர்ப்பைக் குறித்து வாதாடலாகாது. பக்கம் மாறும்போது பந்துகளை எடுத்து எதிராளியின் கையில் கொடுக்கவேண்டும்.

1953இல் அவரிடம் வந்து சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஆர்தர் ஆஷ். ஆறு வயதில் தாயை இழந்தவன். தந்தை, ரிச்மண்ட் நகரில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட பூங்காவொன்றின் பராமரிப்பாளர். அதே நகரின் பேர்ட் பூங்காவில் நல்ல களங்கள் இருந்தன. அவை வெள்ளையருக்கு மட்டுமே உரியவை. வெள்ளை மாணவரோடு போட்டியிட வழியின்றி, பள்ளிப் படிப்பின் இறுதியாண்டை 1960இல் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்று தொடர்ந்தான். அச்சிறுவனே 1968இல் அமெரிக்கப் பகிரங்கப் பட்டத்தையும், 1975இல் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றான்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஊவாவில் வாழும் எனக்கு ஓர் ஐயம் எழுகின்றது. பதுளையிலும் பண்டாரவளையிலும் வெள்ளைத் துரைமார் தமக்கென அமைத்த கிளப்புகளில் டெனிஸ் களங்கள் இருந்தன. லயத்துச் சிறுவன் அவற்றுள் கால்வைத்தது பந்து பொறுக்குவதற்கே. துரைக்கும், கங்காணிக்கும், கணக்கப்பிள்ளைக்கும் தலை தாழ்த்தியே வாழ்ந்த சமூகம் எம்முடையது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மக்கள் நாம். அந்தக் குறையின் எச்சத்தைத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. இத்தகைய சமூகத்தின் பிள்ளையைப் பார்த்து, 'எதிர்த்துப் பேசாதே, பந்தை எடுத்துக் கொடு' என்று கூறுவது நற்பயிற்சியா? பழைய அடிமைத்தனத்துக்கு ஒரு புதிய பெயரா?

விடையை ஆஷின் பிற்கால வாழ்வு தருகின்றது. களத்தில் ஒரு புள்ளிக்காகக் குரல் உயர்த்தாத அம்மனிதர், மனிதருக்கு இழைக்கப்பட்ட அநீதியின் முன் வாய்மூடி இருக்கவில்லை. தென்னாபிரிக்காவின் நிறவெறி அரசு 1970இல் அவருக்கு நாட்டினுள் வர அனுமதி மறுத்தது. அவர் அக்கொடுமையை உலகறியச் செய்தார். 1985 ஜனவரியில் வாஷிங்டனிலுள்ள தென்னாபிரிக்கத் தூதரகத்தின் முன் நடந்த மறியலில் கலந்துகொண்டு கைதானார். 1992இல், ஹெயிட்டி அகதிகளுக்காக வெள்ளை மாளிகையின் முன் நின்று மீண்டும் கைதானார். அப்போது அவர் தீராத நோயாளி. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் காலமானார்.

இரண்டங்குலத்தை விட்டுக்கொடுத்தவர் தம் மானத்தில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. சிறிய இலாபத்தைத் துறக்கப் பழகிய மனமே பெரிய நியாயத்துக்காக இழப்பைத் தாங்கும் போலும். அஞ்சி அடங்குபவன் வலியவனுக்கு மட்டுமே பணிவான். எளியவன் எதிரே வந்தால் பந்து வெளியே என்று கூசாமல் சொல்வான். பண்புடையவன் இருவருக்கும் ஒரே தீர்ப்பைச் சொல்வான். வள்ளுவர் அடக்கமுடைமையைப் பதின்மூன்றாம் அதிகாரத்திலும் பண்புடைமையை நூறாம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்திருப்பதை ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக்காட்டலாம்.

உயர்தர வகுப்பை முடித்து விலகும் மாணவருக்கு நற்சான்றிதழ் எழுதும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நமக்கு ஆண்டுதோறும் வருகின்றது. தோட்டப் பகுதிப் பிள்ளைகளுக்கு 'பணிவுள்ளவர்' என்ற ஒற்றைச் சொல் எளிதாக எழுதப்பட்டுவிடுகின்றது. வேலை கொடுப்பவருக்கு அச்சொல் இனிக்கலாம். ஆயினும் அது பிள்ளையின் முழு உருவத்தையும் காட்டுவதில்லை. யாரும் காணாதபோது இவள் எவ்வாறு நடந்தாள்? தோற்றபின் எதிராளியின் கையை எப்படிப் பற்றினாள்? தன்னினும் இளையவளுக்கு அநீதி நேர்ந்தபோது எங்கே நின்றாள்? பரிசுக் கிண்ணங்கள் இவற்றைச் சொல்லமாட்டா. அருகிருந்து கண்ட ஆசிரியரும் பயிற்றுவிப்பாளருமே சொல்லவேண்டும்.

ஜோன்சன் 1971இல் மறைந்தார். சர்வதேச டெனிஸ் புகழ் மண்டபம் 2009இல்தான் அவரை ஏற்றுக்கொண்டது. நியூயோர்க்கில் 1997இல் திறக்கப்பட்ட பெரிய அரங்கு அவருடைய மாணவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. குருவுக்கு வந்த மரியாதை தாமதித்தே வந்தது. மாணவரின் பண்பைச் சொல்லவேண்டிய நாமோ தாமதிக்கவேண்டியதில்லை. அவர்கள் பாடசாலை வாசலைக் கடக்குமுன் சொல்லிவிடுவோம்.