கழுத்தில் இழந்த அமுக்கம் திரும்பி வருமா?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த குடும்பங்களுள் பல, கற்பிட்டித் தீபகற்பத்தில் மீண்டும் பயிர்செய்யத் தொடங்கின. பள்ளிவாசல்துறை போன்ற கரையோர ஊர்களின் மணல், இட்ட பசளையைப் பிடித்துவைப்பதில்லை. அது நீருடன் கீழிறங்கி, நாம் குடிக்கும் கிணற்றையே அடைகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகளே. ஆகவே பசளையை நீரில் கரைத்து, சிறிது சிறிதாக வேரடியில் கொடுப்பதே நல்லது. சொட்டு நீர்ப்பாசனத்தில் இதற்கு உதவும் எளிய கருவி வெஞ்சுரி.

இதன் பெயருக்குரியவர் ஜொவான்னி பத்திஸ்தா வெஞ்சுரி (1746–1822) என்ற இத்தாலியக் குரு. நீரோட்டம் பற்றிய தமது ஆய்வை அவர் 1797இல் பாரிஸில் வெளியிட்டார்.

கருவி என்பது நடுவில் ஒடுங்கிய ஒரு குழாய்தான். நுழைவாயிலில் நிமிடத்துக்கு எவ்வளவு நீர் புகுகிறதோ, அவ்வளவும் ஒடுங்கிய கழுத்தையும் கடந்தாக வேண்டும். எனவே அங்கே நீர் விரைகிறது. கழுத்தின் விட்டம் மூன்றிலொன்றானால் வேகம் ஒன்பது மடங்காகும். அந்த வேகத்துக்கான சக்தி எங்கிருந்து வருகிறது? நீரின் அமுக்கத்திலிருந்தே. கழுத்தில் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் குறையும்போது, அங்கே பொருத்திய சிறு குழாய் வாளியிலுள்ள பசளைக் கரைசலை உறிஞ்சிக்கொள்கிறது. இதற்கு வேறு இயந்திரம் தேவையில்லை.

கழுத்தைத் தாண்டியதும் குழாய் மெல்ல அகல்கிறது. நீர் வேகம் தணிய, அமுக்கம் மீண்டும் ஏறுகிறது. ஆனால் முழுவதும் திரும்பாது. உராய்விலும் சுழிகளிலும் ஒரு பங்கு வெப்பமாகி வீணாகிறது. குழாய் திடீரென அகன்றால் சுழிகள் பெருகி இழப்பும் கூடும். அதனாலேயே வெளிவாயிற் பக்கம் நீண்டு, சரிவு குறைந்திருக்கும். கருவியிலுள்ள அம்புக்குறியைப் பார்த்துப் பொருத்துங்கள். மாற்றிப் பொருத்தினால் அது சரிவர வேலை செய்யாது.

பசளை உறிஞ்சும் வெஞ்சுரியில், நுழைவு அமுக்கத்தில் மூன்றிலொரு பங்கு வரை, சிலவேளை அதற்கு மேலும், இழக்கப்படலாம். 15 மீற்றர் உயர நீரமுக்கம் நுழைந்தால் 10 மீற்றரே மிஞ்சலாம். அது சொட்டுக்குழாய்களுக்குப் போதாவிடில் கடைசிப் பாத்திகள் வாடும். முழு நீரையும் வெஞ்சுரியூடாகச் செலுத்தினால் இந்த இழப்பு முழு நீருக்கும் நேரும். அதை ஈடுசெய்ய எண்ணெய்ச் செலவும் கூடும். ஆகவே பிரதான குழாயில் ஒரு வால்வைப் பொருத்தி, அதன் பக்கத்தே கிளைக்குழாயில் வெஞ்சுரியை வையுங்கள். பசளையிடும்போது மட்டும் வால்வைச் சற்று மூடி, உறிஞ்சல் தொடங்கியதும் நிறுத்துங்கள். பசளை முடிந்தபின் முழுதும் திறந்துவிடுங்கள். சொட்டுவாய்கள் அடைத்திருந்தால் வெளிவாயில் அமுக்கம் உயர்ந்து உறிஞ்சல் நின்றுவிடும். அப்போது முதலில் அவற்றைத் துப்புரவாக்குங்கள்.

யூரியா நன்கு கரையும்; கரைசலைத் துணியால் வடித்தே பயன்படுத்துங்கள். முடிவில் சிறிது நேரம் வெறும் நீரைச் செலுத்திக் குழாய்களைக் கழுவுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: பம்பிக்கும் வெஞ்சுரிக்கும் இடையே, நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் பம்பி திடீரென நின்றால், குழாயிலுள்ள பசளை நீர் கிணற்றுக்கே திரும்பலாம். தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் ஒரே கிணறாக இருக்கும் நமக்கு, அந்த வால்வு பிள்ளைகளின் உயிருக்கே காவல்.