மட்டம் பார்க்கும் ஜாக்கி, வண்டியைத் தூக்கும் ஜாக்கி அல்ல

அமெரிக்காவில் விடுமுறைக்கு, வீடுபோல் தங்கக்கூடிய வண்டியான மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்துத் தேசியப் பூங்காக்களைச் சுற்றுபவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பெரிய வண்டிகள் 10 டன்னைத் தாண்டும். மேடு பள்ளமான இடத்தில் நிறுத்தும்போது அவற்றை மட்டப்படுத்த, அடிச்சட்டத்தில் மூன்று அல்லது நான்கு ஹைட்ராலிக் ஜாக்கிகள் இருக்கும். பொத்தானை அழுத்தினால் போதும் என்பதால், அவற்றின் ஆபத்தைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

மட்டம் ஏன் அவசியம்?

நிம்மதியான தூக்கம் மட்டும் காரணமல்ல. பல மோட்டார் ஹோம்களில் இருப்பது கம்ப்ரசர் இல்லாமல், அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கி இயங்கும் பிரிட்ஜ். அதற்குள் திரவம் தானாகவே கீழ்நோக்கி வழிந்து திரும்ப வேண்டும். பொதுவாகப் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரி வரையே அது சாய்வைத் தாங்கும். அதற்கு மேல் சாய்ந்தபடி ஓடினால் குழாய் அளவுமீறிச் சூடேறும். விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் வாயு கசிந்து தீப்பிடிக்கவும் கூடும்.

ஆபத்து எங்கே?

முதலாவது, பின்சக்கரங்கள். மோட்டார் ஹோமின் பார்க்கிங் பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். மட்டம் பார்க்கிறேன் என்று அவற்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், பிரேக் போட்டும் பயனில்லை. வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி உருளலாம். அந்த அளவுக்குத் தூக்க வேண்டிய சரிவு என்றால் இடத்தை மாற்றுவதே சரி. லேசான சரிவில், வண்டியின் முன்பக்கம் தாழ்வில் இருக்கும்படி நிறுத்துங்கள். அப்போது உயர்த்த வேண்டியது முன்பக்கம்தான். பின்சக்கரங்கள் தரையிலேயே இருக்கும். ஜாக்கியை இறக்குவதற்கு முன்பே சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, வண்டிக்கு அடியில் புகுவது. ஹோஸ் வெடித்தாலோ வால்வு பழுதானாலோ ஜாக்கி தாங்காமல் வண்டி நொடியில் கீழே இறங்கிவிடும். ஆகவே இந்த ஜாக்கியை நம்பி டயர் மாற்றக் கூடாது. கீழே விழுந்த பொருளை எடுக்கக்கூட உள்ளே நுழையக் கூடாது. டயர் பஞ்சரானால் சாலையோர உதவிச் சேவையை அழையுங்கள்.

மூன்றாவது, தரை. மழையில் ஊறிய மண்ணிலும் வெயிலில் இளகிய தாரிலும் ஜாக்கியின் பாதம் புதையும். அகலமான கெட்டிப் பலகையை அடியில் வையுங்கள். ஜாக்கி இறங்கும்போதும் ஏறும்போதும் குழந்தைகள் அருகில் நிற்க வேண்டாம்.

நான்காவது, எண்ணெய்க் கசிவு. சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் தோலுக்குள் பாய்ந்த இடத்தில் ஊசி குத்தியதுபோல் சிறிய புள்ளிதான் தெரியும், வலியும் குறைவாக இருக்கலாம். ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

உங்கள் உரிமை என்ன?

பாதுகாப்புக் குறைபாட்டுக்காக ரீகால் அறிவிக்கப்பட்டால், முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள் வரை தயாரிப்பாளர் அதை இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். பழைய வண்டியாக வாங்கியவருக்கும் இது பொருந்தும். 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வெளி மெக்கானிக்கிடம் காட்டினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. அந்த வேலைதான் பழுதுக்குக் காரணம் என்றால் மறுக்கலாம்.

சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. குறைபாடு தீராத வாகனத்தை வாடகைக்கு விடக் கூடாது என்ற 2015-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், அதிகபட்ச மொத்த எடை 10,000 பவுண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும். பெரிய மோட்டார் ஹோம்கள் அதற்குள் வராது. திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கு இழப்பீடு தரும் ‘லெமன்’ சட்டமும் பல மாநிலங்களில் எஞ்சினையும் சேசிஸையும் மட்டுமே காக்கிறது. குடியிருக்கும் பகுதியை விட்டுவிடுகிறது.

என்ன செய்யலாம்?

வாடகைக்கு எடுப்பதற்கு முன் வண்டியின் 17 இலக்க வாகன அடையாள எண்ணை (வின்) கேட்டு வாங்கி, தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் ரீகால் நிலுவை உண்டா என்று பாருங்கள். ஜாக்கி, பிரிட்ஜ் தயாரித்த நிறுவனங்களின் பெயரிலும் தேடுங்கள். ஜாக்கியை முழுமையாக இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். தரையில் எண்ணெய்க் கறை இருந்தால் படம் எடுத்து, ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். வண்டியின் கையேடு இல்லாமல் சாவியை வாங்காதீர்கள்; வெளியே நீளும் ஸ்லைடு-அவுட் அறையை, வண்டியை மட்டப்படுத்துவதற்கு முன் நீட்டுவதா, பின் நீட்டுவதா என்பதுகூட வண்டிக்கு வண்டி மாறும்.

பழுது கண்டால் வாடகை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பாதுகாப்புக் குறைபாடு என்று தோன்றினால் அதே நிர்வாகத்திடம் 888-327-4236 என்ற எண்ணில் புகார் செய்யலாம். விபத்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்படி வரும் புகார்களைப் பார்த்துத்தான் அந்த நிர்வாகம் விசாரணை தொடங்குகிறது. ரீகால்கள் பலவும் அப்படி வந்தவையே.