"நாளைக்கு" என்றால் பிள்ளைக்கு என்ன புரிகிறது?



குழந்தைகள் பிரிவுக்கு மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிவரும் தாய்மார் காய்ச்சலையும் சளியையும் சொல்லி முடித்தபின், எழுந்துபோகும் நேரத்தில் இன்னொரு குறையையும் சொல்வது வழக்கம். "ரொம்ப அடம் டாக்டர். நாளைக்கு வாங்கித் தரேன்னு சொன்னா கேக்கறதே இல்ல, இப்பவே வேணும்னு கத்துது." கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவரின் மனைவியும் இதைத்தான் சொல்கிறார். திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் பிழைக்க ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் தாயும், யாரையாவது மொழிபெயர்க்க வைத்து, இதையேதான் சொல்கிறார். இந்த அடத்துக்காகப் பிள்ளைகள் அடி வாங்குவதும் உண்டு. ஆகவே, பிள்ளையின் மனதில் "நான்" என்பதும் "நாளை" என்பதும் எப்படி உருவாகின்றன என்பதை இம்முறை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் குரங்கு தன் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சீறுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்கு அது வேறொரு குரங்கு. வாலில்லாக் குரங்குகளான சிம்பன்சிகளின் கதை வேறு. 1970-இல் அமெரிக்க அறிஞர் கார்டன் கேலப் சிம்பன்சிகளின் முன் பத்து நாட்கள் கண்ணாடியை வைத்திருந்தார். பிறகு அவற்றை மயக்கத்தில் ஆழ்த்தி, புருவத்திலும் காதிலும் சிவப்புச் சாயம் பூசினார். விழித்தபின் கண்ணாடியைப் பார்த்த சிம்பன்சிகள் தங்கள் முகத்திலுள்ள சாயத்தைத் தொட்டுப் பார்த்தன. அதே சோதனையில் சாதாரணக் குரங்குகள் அப்படிச் செய்யவில்லை. சிம்பன்சிகளிலும் குட்டிகளுக்கு இது பெரும்பாலும் வருவதில்லை. நாலைந்து வயதுக்குப் பிறகே தெரியத் தொடங்குகிறது.

மனிதப் பிள்ளைகளின் மூக்கில் சாயம் தடவி 1972-இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் செய்த ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் பிள்ளைகள் தங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆனால் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றுபோல் நடப்பதில்லை. கென்யாவில் இதே சோதனை நடந்தபோது, மூன்று நான்கு வயதான பிள்ளைகள்கூடச் சாயத்தைத் தொடாமல் அப்படியே உறைந்து நின்றார்கள். அவர்களுக்குத் தன்னுணர்வு இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியுமா? நம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சபைக் குடும்பங்களில் திருஷ்டிப் பொட்டை விட்டவர்கள் பலர். ஆனாலும் அக்கம்பக்கத்தில் கன்னத்தில் மைப்பொட்டு இல்லாத கைக்குழந்தையைக் காண்பது அரிது. முகத்தில் புள்ளியோடே வளர்கிற பிள்ளைக்கு இன்னொரு புள்ளி ஏன் விசித்திரமாகப் பட வேண்டும்? இந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்பது எங்கள் கருத்து.

கண்ணாடியில் தெரிவது இப்போதிருக்கும் "நான்". சற்றுமுன் இருந்தவனும் நாளை இருக்கப் போகிறவனும் இதே நான்தான் என்பது பிறகு வருகிற அறிவு. 1996-இல் டேனியல் பொவினெல்லியும் உடன் ஆய்வாளர்களும் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் தலையில் அவர்களுக்குத் தெரியாமல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, அதை வீடியோ எடுத்தார்கள். சில நிமிடங்கள் கழித்து அதைப் போட்டுக் காட்டியபோது, படத்தில் இருப்பது தானே என்று சொன்ன இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் தலையைத் தொடவில்லை. நான்கு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் உடனே கையை உயர்த்தி ஸ்டிக்கரை எடுத்துவிட்டார்கள்.

எதிர்காலத்திலும் இதே வயதுதான் எல்லை. ஆஸ்திரேலியாவில் தாமஸ் சட்டன்டார்ஃப் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அறையில் துண்டுகள் இல்லாத புதிர்ப் பலகை மட்டும் இருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வேறு அறைக்குப் போனார்கள். அங்கே பல பொருட்களைக் காட்டி, திரும்பிப் போகும்போது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் புதிர்த் துண்டுகளையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அந்த யோசனை வரவில்லை.

வாலில்லாக் குரங்குகளும் இதில் வெறுங்கையாக இல்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகர உயிரியல் பூங்காவில் போனபோக்களும் ஒராங்குட்டான்களும் தீனி எடுக்க உதவும் கருவியை முன்கூட்டியே எடுத்துப்போய்ப் பத்திரப்படுத்தின. இரவு கழிந்து 14 மணி நேரத்துக்குப் பின்னும் அதைக் கொண்டுவந்து பயன்படுத்தின. இந்த ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. சுவீடனில் சந்தினோ என்னும் சிம்பன்சியோ காலையில் அமைதியாக இருக்கும்போதே கற்களைப் பொறுக்கிக் குவித்து வைத்துக்கொண்டு, பார்வையாளர்கள் வந்தபின் அவர்கள்மேல் எறிந்தான்! முன்யோசனைதான், சந்தேகமில்லை. நம் பிள்ளைகளுக்கு அதற்குமேல் இருப்பது மொழி. நாளையைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள நம்மால் முடிகிறது.

அந்த மொழியும் மெல்லத்தான் கைவரும். மூன்று வயதுப் பிள்ளை "நேத்து போவோம்" என்றால் நாம் சிரிக்கிறோம். பீகாரிலிருந்து வந்திருக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கு இன்னும் சிரமம். இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் "கல்" என்னும் ஒரே சொல்தான்! ஆகவே "நாளைக்கு" என்று சொல்லி நிறுத்திவிடாமல், "ராத்திரி தூங்கி எழுந்து, குளிச்சு, இட்லி சாப்பிட்ட அப்புறம்" என்று பிள்ளை அறிந்த காரியங்களால் நேரத்தைச் சொல்லும்படி தாய்மாருக்கு ஆலோசனை கூறுகிறோம்.

பொறுமையைப் பற்றி இன்னொரு செய்தி. ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, "தொடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகும் வால்டர் மிஷலின் சோதனையைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். காத்திருக்கும் பிள்ளை பின்னாளில் முன்னேறுவான் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, குடும்பச் சூழ்நிலையையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெரிதும் குறைந்துபோயிற்று. அதற்கு முன்பே, 2013-இல், அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் செலஸ்ட் கிட் என்பவர் குழு ஒரு காரியம் செய்தது. முதலில், நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்கள். பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களிடம் "இல்லை, மன்னித்துக்கொள்" என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். அதன்பின் மிட்டாய் வைத்தபோது, சொன்னதைப் பெற்ற பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்தான். ஓவர்டைம் முடித்து நள்ளிரவில் திரும்பும் தகப்பன் வாக்குக் கொடுத்ததை வாங்கிவர மறப்பது இயல்புதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு "இப்பவே வேணும்" என்பது அறிவான கணக்காகிவிடுகிறது.

இந்தப் பகுதியில் நாங்கள் கவலையோடு பார்க்கும் காரியம் ஈயம். திட்டமிடுவதற்கும் பொறுப்பதற்கும் உதவுவது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி. பிள்ளைப் பருவத்தில் அது மெல்ல வளரும்போதே ஈயம் அதைத் தாக்குகிறது. உட்கொள்ளும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு பிள்ளையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். சென்னையில் 3 முதல் 7 வயது வரையான 756 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. இரத்தத்தில் ஈயம் கூடக் கூட, பிள்ளைகளின் கவனமும், தன்னைத்தானே அடக்கித் திட்டமிடும் திறனும் குறைந்து காணப்பட்டன. அவர்களின் சராசரி, ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 11 மைக்ரோகிராமுக்கு மேல். 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீங்கற்ற அளவென்று எதுவுமே இல்லை என்றும் சொல்கிறது.

பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-இல் நின்றுபோயிற்று. ஆனால் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் தொழில் நிற்கவில்லை. கும்மிடிப்பூண்டியிலும் அது நடக்கிறது. வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வரும் தகப்பன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும்போது, சட்டையில் ஒட்டிய தூசி பிள்ளையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகிறது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையின் குடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை.

அதனால், பிள்ளை அடம் பிடிக்கிறது என்று தாய் சொல்லும்போது, தகப்பன் என்ன வேலை செய்கிறார் என்றும் கேட்கிறோம். பேட்டரி, ஈயம் என்று பதில் வந்தால், வேலை இடத்திலேயே குளித்து உடை மாற்றி வரச் சொல்கிறோம். அந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும். வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. முருங்கைக்கீரையும் முட்டையும் பிள்ளையின் சாப்பாட்டில் இருக்க வேண்டும். இரத்தத்தில் ஈய அளவையும் பார்த்துவிட வேண்டும். வெளியே அறிகுறி ஒன்றும் தெரியாத பிள்ளைக்கும் அது இருக்கக்கூடும்.