செட்டியார் தெரு முலாம்: அன்றும் இன்றும்

காப்பின் வெளிப்பக்கம் பளபளக்கும், உட்பக்கம் வெளிறிக் கிடக்கும். கொழும்புச் செட்டியார் தெருவை ஒட்டிய சந்துகளிலும் கொட்டாஞ்சேனைப் பக்கத்திலும் முலாம் போடுகிறவர்களுக்கு இது இன்று நேற்று வந்த தலைவலி அல்ல. "அண்ணை, உள்ளுக்குள்ள பித்தளை தெரியுது" என்று திரும்பி வரும் வாடிக்கையாளருக்குச் சொல்ல நல்ல பதில் இல்லை. தங்கத்தைக் குறைத்துவிட்டார் என்றுதான் சந்தேகிப்பார்கள். ஆனால் தொட்டிக்குள் போன தங்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அது போய்ச் சேர்ந்த இடம்தான் பிழை.

ஓர் அம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் விட்டால், சயனைட்டுக் கரைசலிலிருந்து ஏறக்கூடிய தங்கம் அதிகபட்சம் 7.35 கிராம். இது ஃபரடே வகுத்த கணக்கு. எவ்வளவு ஏறும் என்று அது சொல்லும், எங்கே ஏறும் என்று சொல்லாது. நேர்முனைத் தகட்டுக்குக் கிட்ட இருக்கும் இடமும், விளிம்பும், கூர்முனையும் ஓட்டத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். பள்ளத்துக்கும் உள்வளைவுக்கும் மிச்சம்தான் கிடைக்கும். காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் மிதிபலகையில் சனம் தொங்கும்போது நடுப்பகுதி காலியாகக் கிடக்குமே, அந்தக் கதைதான். "உள்ளுக்குப் போங்கோ" என்று கத்த தொட்டிக்குள் கொண்டக்டர் இல்லை.

மின்சாரம் வருமுன் இந்தச் சிக்கலே இருக்கவில்லை, அதைவிடப் பெரிய கேடு இருந்தது. தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்து, உருப்படியின்மேல் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். பள்ளம் மேடு எல்லாம் கை போன இடத்தில் தங்கம் நிற்கும். ஆவி பத்தரின் நெஞ்சுக்குள் போகும். 1838இல் யாக்கோபி ரஷ்யாவில் மின்சாரத்தால் உலோகத்தை அச்சின்மேல் வளர்த்துக் காட்டினார். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன்கள் சயனைட்டுக் கரைசலில் பொன்னும் வெள்ளியும் ஏற்றக் காப்புரிமை பெற்றார்கள். இன்றும் செட்டியார் தெருவில் நடப்பது அடிப்படையில் எல்கிங்டன் வழிதான்.

பழைய பட்டறையில் சாமான் அதிகம் இல்லை. ஒரு கண்ணாடிச் சாடி, சூடாக்க ஓர் அடுப்பு, மோட்டார் பற்றரி, செப்புக் கம்பிக் கொளுக்கி, ஒரு துண்டுத் தங்கத் தகடு. மீதி எல்லாம் மணிக்கட்டு. காப்பைக் கரைசலுக்குள் இறக்கி, ஆட்டி, புரட்டி, உட்பக்கத்தைத் தகட்டுக்கு நேரே காட்டி, மறுபடி புரட்டி எடுப்பார்கள். கம்பி தொட்ட இடத்தில் தழும்பு விழாமல் பிடியை மாற்றவும் வேண்டும். சங்கிலி என்றால் கண்ணிகள் ஒன்றையொன்று மறைக்கும், உலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் கூடினால் விளிம்பு கருகிச் செம்மண் நிறமாகும். அந்த நிறம் எட்டிப்பார்க்கும் முன்பே பிடித்துவிடும் கண்தான் அன்றைய அளவுகருவி.

அந்தக் கைகளில் பல இப்போது இந்தத் தெருவில் இல்லை. 1983 ஜூலையில் இங்கே நகைக்கடைகள் எரிந்தன. கடைகள் மறுபடி எழுந்தாலும் நாட்டை விட்டுப் போன பத்தர்மார் பலர் திரும்பவில்லை. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று தெற்கே போகும் அதே வழியில் நகைக்கடைகளும் பெருகின. வெள்ளவத்தைக் கடை முன்பக்கத்தில் பட்டறை இருப்பதில்லை, கண்ணாடிப் பெட்டிதான்.

இன்று பற்றரியின் இடத்தில் ரெக்டிபையர் நிற்கிறது. வோல்ட்டும் அம்பியரும் எண்ணாகத் தெரியும், நேரம் முடிந்தால் மணி அடிக்கும். கை செய்த வேலையைத் தொட்டியின் அமைப்பு செய்கிறது. காப்பின் நடுவே ஒரு நேர்முனைக் கம்பியை நிறுத்தினால் உட்பக்கத்துக்கும் பங்கு கிடைக்கும். விளிம்பைச் சுற்றி ஒரு வெற்றுக் கம்பி கட்டினால் அளவுக்கு மிஞ்சிய ஓட்டத்தை அது வாங்கிக்கொள்ளும், அதில் ஏறிய தங்கத்தைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம். துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டைக் குறுக்கே வைத்தும் விளிம்பை மறைக்கலாம். கரைசலில் உப்பைக் கூட்டி மின் கடத்தலை உயர்த்துவது இன்னொரு வழி. இவை எல்லாவற்றையும்விட மலிவானது ஓட்டத்தைக் குறைத்து ஆறுதலாக ஏற்றுவது. அவசர வேலை பிடிக்கும் கடைக்காரருக்கு அதுதான் கசக்கும்.

வெறும் முலாமில் பிழை நடந்தால் நிறம்தான் போகும். மெழுகு உருவின்மேல் வெள்ளிப் பூச்சு அடித்து, மணிக்கணக்கில் தங்கத்தை வளர்த்து, சிறு துளையால் மெழுகை உருக்கி வெளியேற்றும் உள்ளீடற்ற நகையில் சங்கதி வேறு. அங்கே ஏறிய உலோகமே நகை, அடியில் தாங்க ஒன்றும் இல்லை. 10 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள ஒரு தோட்டுக்குச் சுவர் 0.1 மில்லிமீற்றர் என்றால் தங்கம் 2 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. தராசு சரியாகவே காட்டும். பூவிதழின் நுனியில் 0.2உம் மடிப்புக்குள் 0.03உம் ஏறியிருந்தால் விரலால் அழுத்தவே மடிப்பு நெளியும். 2022க்குப் பிறகு பவுண் விலை போன போக்கில், பார்வைக்குப் பெரிசாகவும் எடைக்குச் சிறிசாகவும் நகை கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதே 2022 பழைய பற்றரியின் அருமையையும் காட்டிக் கொடுத்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. தங்கத்துக்கு அடியில் நிக்கல் ஏற்றும்போது ஓட்டம் பாதியில் நின்றால், நிக்கலின் முகம் சீக்கிரமே செயலிழந்துவிடும். கரண்ட் வந்தபின் ஏற்றும் அடுத்த படை அதில் ஒட்டாது, தோல் தோலாக உரியும். இடைவெளியில் உருப்படியை எடுத்து அமிலத்தில் முகம் திறந்து மறுபடி தொடங்க வேண்டும். மோட்டார் பற்றரிக்காரருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை.

வாங்குகிறவர்களின் கேள்வியும் மாறிவிட்டது. முன்பு நிறம் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டார்கள், இப்போது எத்தனை மைக்ரோன் என்று கேட்கிறார்கள். 40 சதுர சென்ரிமீற்றர் காப்பில் ஒரு மைக்ரோன் என்பது சுமார் 0.077 கிராம் தங்கம். ஆனால் கடைக்காரர் சொல்லும் மைக்ரோன் அநேகமாகச் சராசரி. விளிம்பில் அதைவிடக் கூடவும் உள்வளைவில் பாதிக்குக் குறையவும் இருந்தாலும் அந்த எண் பொய்யாகாது. எக்ஸ்-கதிரால் தடிப்பு அளக்கும் கருவி உள்ள கடை என்றால், அது ஒரு சமயத்தில் ஒரு புள்ளியைத்தான் பார்க்கும் என்பதை நினைவில் வையுங்கள். அகன்ற வெளிமுகத்தில் வைத்துக் காட்டுவார்கள். தோலில் உரசித் தேய்வது உட்பக்கம், அங்கேயும் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.