படகில் காலி இடம் எதற்கு?

கோவில்பத்து, காரைக்கால் நகரை ஒட்டிய ஊர். தேவாரத்தில் திருத்தெளிச்சேரி என்று பாடப்பெற்ற சிவன் கோவில் இங்கேதான் இருக்கிறது. கிழக்கே போனால் கடல். கடலோரத்தில் காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு என்று மீனவர் ஊர்கள்.

இந்தப் பக்கத்தில் ஒருவர் வீடு கட்டுகிறார். முதலில் என்ன செய்வார்? கொத்தனாரை அழைத்து வருவார். மனையில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். இது கூடம், இது அடுப்படி, இது திண்ணை. வீட்டுக்கார அம்மாள் வந்து பார்ப்பார். "அடுப்படி இவ்வளவு குறுகலா?" என்பார். கோட்டை அழித்து மறுபடியும் போடுவார்கள்.

படகு கட்டுகிற மீனவருக்கும் இதே கவலைதான். வலை எங்கே? மீன் எங்கே? எஞ்சின் எங்கே? ஆள் எங்கே உட்காருவது? இடமோ மிகவும் கொஞ்சம். இருபத்தைந்து, முப்பது அடி நீளம். ஆறேழு அடி அகலம். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டில் அடுப்படி தப்பான இடத்தில் அமைந்தால் கூடத்தில் புகை வரும். படகில் ஒரு பெட்டி தப்பான இடத்தில் அமைந்தால் உயிர் போகும்.

இப்போது கடற்கரையில் அதிகம் காண்பது ஃபைபர் படகு. கண்ணாடி இழையையும் பசையையும் அச்சில் வார்த்துச் செய்வது. வெளி ஓட்டின் வடிவத்தை அச்சு தீர்மானித்துவிடும். உள்ளே எது எங்கே என்பதைச் சொல்ல வேண்டியவர் பணம் கொடுப்பவர்தான். அந்தப் பணத்தில் கடன் இருக்கும். வீட்டுப் பெண்ணின் நகையும் இருக்கும்.

மூழ்காத மரம்

பாட்டன் காலத்தில் இந்தக் கவலை இல்லை. கட்டுமரம் இருந்தது.

கட்டுமரத்துக்கு உள்ளும் இல்லை, புறமும் இல்லை. இலேசான மரத் துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் முடிந்தது. அலை மேலே ஏறும். இடுக்கு வழியே இறங்கிவிடும். தண்ணீர் இறைக்கும் வேலையே கிடையாது. கவிழ்ந்தாலும் மிதக்கும். புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள். ஊறிய மரம் கனக்கும் அல்லவா?

வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாண மீன்துறையின் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். இந்தியப் படகுகளைத் தேடித் தேடிப் பார்த்து 1920-இல் ஒரு நூல் எழுதினார். கட்டுமரமும் அவருடைய ஆராய்ச்சியில் இடம் பெற்றது. 'கட்டுமரம்' என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. ஆனால் அங்கே அதற்கு இரட்டைப் படகு என்று பொருள் மாறிவிட்டது. அது வேறு கதை.

கட்டுமரத்தில் கஷ்டமும் உண்டு. ஆள் நாள் முழுவதும் நனைந்தபடி நிற்க வேண்டும். மீனை வெயிலிலிருந்து காப்பாற்றப் பெட்டி வைக்க வசதி இல்லை. நல்ல மரமும் அருமையாகி, விலையும் ஏறிவிட்டது. எனவே மீனவர்கள் படகை நாடினார்கள்.

படகு என்பது என்ன? ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் தண்ணீர் வராதவரை நல்லது. வந்துவிட்டால்? கட்டுமரத்துக்கு இந்தக் கேள்வியே இல்லை. படகு கட்டுபவர் முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி இதுதான்.

படித்தவர்கள் பட்ட பாடு

சிறு மீன்படகுக்கு நல்ல திட்டம் போட உலகத்து நிபுணர்களே திணறியிருக்கிறார்கள்.

1952-இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி கேரளத்தின் நீண்டகரையில் நார்வே நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். அதே பத்தாண்டில் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் சென்னைக்கும் படகு நிபுணர்களை அனுப்பியது. அந்த முயற்சிகளின் காலத்தில்தான் 'பாப்லோ' என்ற சிறு விசைப்படகு தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதிதான் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது.

பின்னர் குமரி மாவட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே என்ற என்ஜினியர், மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டிப் பார்த்தார். அந்த அனுபவத்தை 1985-இல் நூலாக எழுதினார். 'சிறியது கடினமானது' என்பது அந்த நூலின் பெயருக்குப் பொருள். பெயரிலேயே அவர் பட்ட பாடு தெரிகிறது!

1979-இல் சென்னையில் 'வங்காள விரிகுடாத் திட்டம்' தொடங்கியது. துறைமுகம் இல்லாத மணற்கரையில், அலையைத் தாண்டிப் போய்த் திரும்பும் படகு வேண்டும் என்று அதன் நிபுணர்கள் பல மாதிரிகளைக் கட்டிச் சோதித்தார்கள். அவற்றில் ஒன்று ஐ.என்.டி.-20 என்ற எட்டரை மீட்டர் ஃபைபர் படகு. அதன் எஞ்சினை ஒரு பெட்டியில் வைத்தார்கள். கரை நெருங்கும்போது பெட்டியைச் சாய்த்தால், தண்ணீரைத் தள்ளும் காற்றாடி மேலே எழும்பிவிடும். மணலில் இடிக்காது.

இந்தக் காற்றாடி ஒரு பாடம் சொல்கிறது. படகின் உள்ளமைப்பைக் கரையே தீர்மானிக்கிறது. அரசலாற்று முகத்துவாரத்தில் படகைக் கட்டுபவருக்கு ஒரு வகை அமைப்பு போதும். திறந்த மணலில் ஏற்றுபவருக்கு வேறு வகை வேண்டும். மணலில் இழுப்பதென்றால் எடை குறைய வேண்டும். இழுக்கும் கயிற்றுக்கு உறுதியான பிடி வேண்டும். அலையை எதிர்த்துப் போக அணியம் உயர்ந்திருக்க வேண்டும். அணியம் என்பது படகின் முன்பக்கம்.

வலையைக் கேட்டு இடம் விடு

கரைக்கு அடுத்தபடி கேட்க வேண்டியது வலையை.

செவுள் வலை போடுகிறவர் அதை நீளமாகக் கடலில் விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். ஏற்றும்போது ஆட்கள் எல்லாரும் ஒரே ஓரத்தில் நிற்பார்கள். வலை நனைந்திருக்கும், மீனும் சேர்ந்து கனக்கும். படகு அந்தப் பக்கம் சாயும். எனவே வலை இழுக்கும் பக்கத்தில் வேறு பாரம் எதையும் நிரந்தரமாக வைக்கக்கூடாது. வலை விடும்போது மாட்டிக்கொள்ளும் ஆணி, கொக்கி, பலகை முனை எதுவும் அந்த வழியில் இருக்கக்கூடாது. காலில் வலை சுற்றிக் கடலில் விழுந்தவர்கள் உண்டு.

மீன் பெட்டி படகின் நடுவில், தாழ்வாக இருப்பது நல்லது. போகும்போது காலி, வரும்போது கனம். நடுவில் இருந்தால் அந்த மாற்றம் படகை முன்னாலும் பின்னாலும் அதிகம் சாய்க்காது. மீனைத் தளத்தில் அப்படியே கொட்டி வைத்தால் அலைக்கு அலை ஒரு பக்கமாகச் சரியும். தடுப்புப் பலகை வைத்து அறை அறையாகப் பிரித்தால் சரியாது.

எண்ணெய்க் கேன் மீனுக்குப் பக்கத்தில் வேண்டாம். இதை வீட்டுப் பெண்கள்தான் முதலில் சொல்வார்கள். கூடையைச் சுமந்து தெருத் தெருவாக விற்பவர்கள் அவர்கள். டீசல் வாடை அடித்தால் பேரம் எங்கே போய் நிற்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கனம் எங்கே?

ஃபைபர் படகுகளில் எஞ்சின் பெரும்பாலும் பின்பக்கம் இருக்கிறது. ஓட்டுபவரும் அங்கேதான். அவருக்குத் துணையாக இன்னொருவர் வந்து நிற்பார். எண்ணெய்க் கேனும் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடும். பிறகு நங்கூரம், கயிறு, சோற்றுப் பாத்திரம். எல்லாம் ஒன்றொன்றாகப் பின்னுக்கு நகரும்.

பின்பக்கம் அமிழும். அணியம் தூக்கும். பின்னாலிருந்து ஓர் அலை வந்தால் நேரே உள்ளே ஏறிவிடும். இதற்காகத்தான் நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் ஆரம்பத்திலேயே முன்பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காத இடத்துக்குப் பொருள் தானாகப் போய்ச் சேராது.

படகின் அகலத்தைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. மற்றவை மாறாமல் அகலத்தை மட்டும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், அந்த அகலம் தரும் நிமிர்ந்து நிற்கும் வலு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். கொஞ்சம் அகலத்துக்கு இவ்வளவு பலன்! ஆனால் அகலம் கூடினால் ஓட்டம் மட்டுப்படும். எண்ணெய் கூடச் செலவாகும். சும்மா கிடைப்பது எதுவும் இல்லை.

உள்ளே புகுந்த தண்ணீரும் கனம்தான். அது சும்மா கிடக்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். ஆகவே தண்ணீர் வந்து தேங்குவதற்கு ஒரு பள்ளம் வேண்டும். அதன் அருகில் உட்கார்ந்து இறைக்க ஓர் ஆளுக்கு இடம் வேண்டும். வாளியைக் கயிற்றால் கட்டி வைக்க வேண்டும். தேடும்போது கிடைக்காத வாளி எதற்கு?

28 டின் காற்று

இனி, தலைப்பில் உள்ள கேள்வி.

மரப்படகில் தண்ணீர் நிறைந்தாலும் மரம் மிதக்கப் பார்க்கும். ஃபைபர் அப்படி அல்ல. அது தண்ணீரைவிடக் கனமானது. தண்ணீர் நிறைந்த ஃபைபர் படகு, எஞ்சினோடு சேர்ந்து அடிக்குப் போய்விடும். அதை மிதக்க வைக்க உள்ளே காற்று அடைத்த இடம் வேண்டும். அந்தக் காலி இடம்தான் கட்டுமரம் இலவசமாகக் கொடுத்த பாதுகாப்புக்கு இன்று கொடுக்கும் விலை.

எவ்வளவு வேண்டும்? உதாரணத்துக்கு ஒரு படகின் ஃபைபர் எடை 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் மூழ்கியதும் அதன் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அதாவது 200 கிலோ. எஞ்சினும் மற்ற இரும்பும் சேர்த்து ஒரு 50 கிலோ. ஆக 250 கிலோ. ஒரு லிட்டர் காற்றிடம் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். ஆகவே 250 லிட்டர் இருந்தால் படகு மூழ்காது. ஆனால் மேலே தலைகூடக் காட்டாது. ஆட்கள் அதில் உட்கார்ந்து, உதவி வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டாமா? அதற்கு இரு மடங்காவது வைக்க வேண்டும். 500 லிட்டர்.

மண்ணெண்ணெய் டின் ஒன்றில் சுமார் 18 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் 28 டின்! அவ்வளவு இடத்தையும் மீனுக்குக் கொடுக்காமல் காற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் மனம் தடுமாறும். "இந்த இடத்தில் இன்னும் ரெண்டு கூடை மீன் வைக்கலாமே அண்ணே" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், வைக்கலாம். வருஷத்தில் பெரிய பாடு கிடைக்கும் சில நாட்களில் அந்த இரண்டு கூடை உதவும். காற்றிடமோ பல வருஷம் சும்மாவே கிடக்கும். அதனால்தான் அதை முதலில் வெட்டத் தோன்றுகிறது. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்த பிறகு, இந்தக் கரையெங்கும் ஏராளமான ஃபைபர் படகுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. அவற்றின் தரம் பற்றி அப்போதே கவலை எழுந்தது.

காற்றிடத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். எல்லாவற்றையும் அடித்தளத்தில் வைத்தால், தண்ணீர் நிறைந்ததும் அடிப்பாகம் மேலே வரப் பார்க்கும். படகு குப்புறக் கவிழும். எனவே இரு ஓரங்களிலும், கொஞ்சம் உயரத்தில், உட்காரும் பலகைக்கு அடியில் வைக்க வேண்டும். முன்னும் பின்னும் பகிர்ந்து வைக்க வேண்டும். ஒரே பெரிய அறையாக வைத்தால், ஒரு விரிசல் போதும்; அத்தனையும் போய்விடும்.

அறைக்குள் நுரைக் கட்டி அடைத்தால் விரிசல் விட்டாலும் பயமில்லை. மெத்தைக்குப் போடும் பஞ்சு உதவாது; அது தண்ணீரைக் குடித்துவிடும். தண்ணீர் குடிக்காத கெட்டி நுரையாக இருக்க வேண்டும். தெர்மோகோல் மலிவு. ஆனால் பெட்ரோல் பட்டால் கரையும். ஃபைபர் பசை பட்டாலும் கரையும்! மூடி போட்டு ஒட்டிவிட்ட பிறகு உள்ளே கரைந்தது வெளியே தெரியாது. தெர்மோகோல்தான் என்றால் பிளாஸ்டிக் தாளில் நன்றாகச் சுற்றி வைக்க வேண்டும். கைமுதல் குறைந்தவர்கள் இறுக மூடிய காலிக் கேன்களைப் பலகைக்கு அடியில் அசையாமல் கட்டினாலும் பலன் உண்டு.

மணலில் ஒரு படகு

இவ்வளவையும் காகிதத்தில் பார்த்தால் எல்லாருக்கும் புரியாது. அதற்கு எளிய வழி உண்டு. கடற்கரை மணலில், படகின் முழு அளவுக்குக் கோடு போட வேண்டும். மீன் பெட்டிக்குப் பதில் கூடை. எஞ்சினுக்குப் பதில் ஒரு கட்டை. வலையை நிஜமாகவே கொண்டுவந்து குவிக்கலாம். பிறகு கடலுக்குப் போகிற நாலு பேரும் கோட்டுக்குள் நின்று வலை இழுப்பதுபோல் இழுத்துப் பார்க்க வேண்டும். முழங்கை இடிக்கிறதா? நடக்க வழி இருக்கிறதா? வாளி எட்டுகிறதா? மணலில் கோட்டை அழிக்கக் காசு வேண்டாம். ஃபைபரை அறுத்து ஒட்டக் காசு வேண்டும்.

படகு தயாரான பிறகும் ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது. கடைசித் தவணையைக் கொடுக்குமுன் செய்ய வேண்டியது. ஆழம் குறைந்த அமைதியான ஆற்று நீரில் புதுப் படகை இறக்க வேண்டும். எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே எடைக்குக் கல்லோ இரும்போ கட்ட வேண்டும். பிறகு வாளி வாளியாகத் தண்ணீரை உள்ளே ஊற்ற வேண்டும். புதுப் படகில் தண்ணீர் ஊற்றுவதா என்று கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஊற்றலாம். விளிம்புவரை ஊற்றலாம். படகு நிமிர்ந்து மிதக்கிறதா, நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தாங்கினால், அதே வாளியால் தண்ணீரை இறைத்துவிட்டு, பெயர் எழுதுகிற ஆளைக் கூப்பிடலாம்.