நத்தார்ப் பலகாரமும் கொதிக்கும் எண்ணெயும்



திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு கடந்துவிட்டால் நம் இல்லங்களின் அடுப்படிகளிலே எண்ணெய் மணக்கத் தொடங்கிவிடும். முறுக்கும் பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் கொக்கிசும் இல்லாத நத்தாரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அயலிலுள்ள இந்து, இஸ்லாமியச் சகோதரர்களுக்குத் தட்டிலே வைத்துக் கொடுப்பதும் இவற்றைத்தான். ஆயினும் இவற்றைச் சுடுகின்றவர் எத்தனை மணி நேர விழிப்புக்குப் பின் அடுப்பின் முன் நிற்கின்றார் என்று நாம் கேட்பதுண்டா? பல இல்லங்களில் அவர் ஒரே ஒரு தாய். பகலெல்லாம் வீடு கழுவி, பிள்ளைகளின் உடுப்புகளை ஒழுங்குசெய்து, நள்ளிரவுத் திருப்பலிக்கு மணி அடிக்குமுன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு இரவு பத்து மணிக்குத் தாச்சியை அடுப்பில் ஏற்றுகின்றார். கையும் கண்ணும் தளர்ந்திருக்கும் வேளை அது.

எண்ணெயின் பெரும் பகை நீர். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கின்றது. பலகாரம் பொரியும் எண்ணெயோ 170 முதல் 190 பாகை வரை சூடேறியிருக்கும். எண்ணெயிலும் கனமான நீர் அடியில் இறங்கி, அங்கே நொடிப்பொழுதில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகின்றது. மேலெழும் ஆவி எண்ணெயையும் வாரிக்கொண்டு வருகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் நன்றி நவிலல் நாளில் முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கும் வழக்கம் உண்டு. பனிக்கட்டி முற்றாக உருகாத கோழியை இறக்கியதால் எண்ணெய் பொங்கி வழிந்து, அடுப்பில் பற்றி, வீடே எரிந்த நிகழ்வுகள் அங்கு உள்ளன. வெளிமுற்றத்தில் எரிவாயுவால் இயங்கும் அப்பொரிகலன்களைத் தவிர்க்குமாறு அந்நாட்டின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமே அறிவுறுத்துகின்றது.

நம் தாச்சி சிறியது, நியதி ஒன்றே. கழுவிய அகப்பையை ஈரம் போகத் துடைத்த பின்னரே எண்ணெயில் இடுங்கள். தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். டிசம்பர் நமக்கு மாரி காலம். ஒழுகும் கூரையின் கீழ் அடுப்பை மூட்டாதீர்கள். விறகு நனைந்திருக்கின்றதென்று எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது உயிருடன் விளையாடுவதாகும். எண்ணெய் புகையத் தொடங்கினால் உடனே தணலைக் குறையுங்கள். பலமுறை பாவித்த எண்ணெய் விரைவில் புகையும். நைலோன் உடுப்பையும் தொங்கும் முந்தானையையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். சிறுவர் தாண்டாதபடி அடுப்பிலிருந்து மூன்றடி தூரத்தில் கரியால் ஒரு கோடு கீறிவிடலாம். (பூனைக்கு அந்தக் கோடு விளங்காது, அதை வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள்.)

எண்ணெயிலே தீப்பற்றினால் ஒரு துளி நீரும் ஊற்றாதீர்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். எரிவாயுவை நிறுத்தி, தாச்சியிலும் அகன்ற உலோக மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடி, ஆறும்வரை திறவாதிருங்கள். அம்மூடி தொடக்கத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அடக்க இயலாவிடின் அனைவரும் வெளியேறுங்கள்.

உடலிலே எண்ணெய் தெறித்தால் வளையல், மோதிரத்தைக் கழற்றி, ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மை, முட்டை வெள்ளை, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். முகம், கை வெந்தவரையும் சிறுபிள்ளைகளையும் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

லூக்கா நற்செய்தியில் மார்த்தா பரபரப்புற்றதையே நாம் பெரிதும் பேசுகின்றோம். பணிவிடை செய்யத் தன் சகோதரி தன்னைத் தனியே விட்டுவிட்டார் என்று அவர் முறையிட்டதை விரைந்து கடந்துவிடுகின்றோம். யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்திலோ, உயிர்த்த ஆண்டவர் தாமே கரிநெருப்பு மூட்டி, மீன் வைத்து, களைத்து வந்த சீடர்களை உண்ண அழைக்கின்றார். ஆகவே குடும்பத் தலைவர்களே, இவ்வாண்டு அடுப்பருகே இரண்டாவது ஆளாக நீங்கள் நில்லுங்கள். மாவைப் பிழிந்து கொடுங்கள். தாய் களைத்தால் அகப்பையை வாங்கிக்கொள்ளுங்கள்.

முறுக்கு, காற்றுப் புகாத தகரப் பேணியில் ஒரு வாரத்துக்கு மேல் கெடாது. 24ஆம் திகதி இரவு வரை அதைத் தள்ளிப்போடத் தேவையில்லை. 20ஆம் திகதியே சுட்டு வைக்கலாம். அன்றிரவே எதையேனும் பொரிக்க நேர்ந்தால், ஆலயத்துக்குப் புறப்படுமுன் விறகை வெளியே இழுத்து அணைத்து, தாச்சியைச் சிறுவர் கை எட்டாதபடி மூடி வையுங்கள். அடுப்பு அணைந்து நெடுநேரம் சென்ற பின்னும் எண்ணெயின் சூடு தணிந்திராது.