மறைந்திருக்கும் படை

ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் வெண்பனி ஒரே திணிவாய்க் கிடப்பதில்லை. பொழிவுக்கொரு படையாக அடுக்கடுக்காய்ப் படிகின்றது. கேடு சிலவேளை அடிப்படையிலேயே மறைந்திருக்கும்.

குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லிதாய்க் கிடக்க, மேலே கடுங்குளிர் நிலவுமாயின், நிலத்தின் வெதுவெதுப்பால் எழும் நீராவி அதனூடே ஏறி, நுண்துகள்களைப் பருமணிகளாக மாற்றிவிடும். அள்ளினால் சீனிபோல உதிரும், ஒன்றையொன்று பற்றாது. பின்னர்ப் புயலில் விழும் பனி இதன்மேல் பலகையாக இறுகுகின்றது. சறுக்கிச் செல்லும் ஒருவனது பாரமே போதும். பலகை முறிந்து சரிவு முழுவதும் பெயரும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளிலேயே இது பெரிதும் நிகழ்கின்றது. சிலவேளை காலடியில் ‘வும்’ என்றோர் ஓசை எழும். கேட்டவன் திரும்பிவிடுதல் நன்று.

1950–51 குளிர்காலத்தில் சுவிற்சர்லாந்தில் மட்டும் பனிச்சரிவுகளால் 98 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் தம் வீடுகளில் இருந்தவர்கள். இன்று ஊர்களைத் தடுப்புவேலிகள் காக்கின்றன. இப்பொழுது மாள்பவர்களோ பெரும்பாலும் ஆளரவமற்ற மலைகளிற் சறுக்கச் சென்று, தாமே சரிவைக் கிளப்பியவர்கள்.

புதையுண்டவர்களைப் பத்து நிமிடத்துள் அகழ்ந்தெடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் சிலரே. ஊரிலிருந்து மீட்புக் குழு வந்துசேர அதனினும் நேரமாகலாம். ஆதலால், வானொலிச் சைகை அனுப்பும் சிறுகருவியும், துழாவும் கோலும், மண்வெட்டியும் உடன்செல்வோர் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும்.